கியர் விழாத காரும் கேட்கப்படாத கேள்வியும்

வாகனத் திருத்தம் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்துவிட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைப் பத்திரிகை மேசைகளில் கழித்தவன் நான். கார் ஓட்டத் தெரியும். ஓடாவிட்டால் யாரையாவது அழைக்கத் தெரியும். அவ்வளவுதான். இருந்தும் இதை எழுதுகின்றேன். வில்கமுவவில் ஒரு பிற்பகல் வேளையில் கராஜ்காரர் ஒருவர் என்னிடம் கேட்ட மூன்று கேள்விகள், பழுது பார்த்தல் என்ற தொழிலை நாம் எப்படி மதிக்கின்றோம் என்பது குறித்து என்னை வெகுநாட்களாக யோசிக்க வைத்திருக்கின்றன.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கின்றது வில்கமுவ பிரதேச செயலகப் பிரிவு. அதன் கடைத்தெரு ஹெட்டிப்பொல. குருநாகல் மாவட்டத்திலும் ஒரு ஹெட்டிப்பொல உண்டு. நான் சொல்வது அதுவல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், வஸ்கமுவ தேசியப் பூங்காவுக்கு அண்மையில் உள்ள ஊர் இது. அந்தப் பூங்கா 1984 இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் கிழக்கே மகாவலி, மேற்கே அம்பன் கங்கை. வயலும் யானையும் அடுத்தடுத்து வாழும் நிலம்.

என்னோடு ஒரே பத்திரிகை நிறுவனத்தில், அடுத்த அறையிலிருந்த சிங்களப் பத்திரிகையில், பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர். அவர் காலமாகி மூன்று மாதம் நிறைந்த நாளில் வீட்டில் தானம் கொடுத்தார்கள். அவசியம் வர வேண்டும் என்று அவருடைய மனைவி தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். மறுக்க முடியவில்லை.

என்னுடைய கார் பழைய ஜப்பான் கார். கையால் கியர் மாற்றுவது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே அதில் ஒரு குறை தலைகாட்டியிருந்தது. ரிவர்ஸ் கியர் போடும்போது 'கறக்' என்று பல்லைக் கடிக்கும். காலையில் முதலாம் கியரும் முரண்டு பிடிக்கும். கொழும்பில் நான் வழக்கமாகச் செல்லும் கராஜில் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கியர்பெட்டி முடிஞ்சுது சேர். ரீகண்டிஷன் பெட்டி ஒன்று போடுவம்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிப்பதற்கு அதில் ஒன்றுமிருக்கவில்லை, கையில் பணமிருக்கவில்லை.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர, பல்லேகம வழியாக மலையேறி இறங்கினேன். வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டிய பாதை. எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டேன். தானம் முடிந்து, பிற்பகல் மூன்று மணியளவில் விடைபெற்று ஹெட்டிப்பொல கடைத்தெருவரை வந்து, தேநீர் குடிக்க நிறுத்தினேன். திரும்பப் புறப்படும்போது ஒரு கியரும் விழவில்லை. கிளச்சை அடிவரை மிதித்தாலும் கியர்த்தடி ஏதோ கல்லில் மோதுவது போல நின்றது.

"கியர் விழவில்லை" என்று நாம் சொல்கின்றோம். "கியர் வெட்டென்னே நே" என்று சிங்களவரும் சொல்கின்றனர். இரண்டு மொழியிலும் கியர் என்பது 'விழ' வேண்டிய ஒன்றுதான். தேநீர்க் கடைக்காரரிடம் எனது அரைகுறைச் சிங்களத்தில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அவர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். கூடவே, ஆறு மணிக்குப் பின்னர் அந்தப் பாதையில் போக வேண்டாம், யானை இறங்கும் என்றும் சொன்னார்.

தகரக் கூரை போட்ட கராஜ். வாசலில் ஒரு கை உழவு இயந்திரம் பிரித்த நிலையில் கிடந்தது. அறுபதை நெருங்கிய பாஸ் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு வந்தார். ஆயுதம் எதையும் எடுத்துவரவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் விழுகிறதா, மாத்தயா?"

நான் அப்படிப் போட்டுப் பார்த்ததில்லை. கொழும்பிலும் யாரும் பார்த்ததில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டேன். ஐந்து கியரும் ரிவர்சும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு சத்தமும் இன்றி விழுந்தன.

இரண்டாவது கேள்வி: "முதலில் குறை காட்டியது எந்தக் கியர்?" ரிவர்ஸ் என்றேன். தலையை ஆட்டினார்.

மூன்றாவது: "கிளச் எண்ணெய் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" எனக்கு அப்படி ஒன்று தனியாக இருப்பதே நினைவில் இல்லை. முன்மூடியைத் திறந்து, சிறிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் காட்டினார். எண்ணெய், கோட்டுக்கு வெகு கீழே நின்றது, நிறமும் கறுத்திருந்தது.

பின்னர் எஞ்சினை இயக்கச் சொன்னார். கிளச்சை ஐந்தாறு தடவை விரைவாக மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் கியரைப் போடச் சொன்னார். விழுந்தது. "கியர்பெட்டியில் ஒன்றுமில்லை, மாத்தயா" என்றார். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு ஆணி கூடக் கழற்றப்படவில்லை.

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு தர்க்கம் இருக்கின்றது. கார் வைத்திருக்கும் வாசகர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சற்று விளக்குகின்றேன்.

எஞ்சின் சுழலும்போது அதனோடு சேர்ந்து கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டும் சுழல்கின்றது. கிளச்சை மிதிக்கும்போது அந்தத் தொடர்பு அறுகின்றது. அறுந்தால்தான் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று இசைந்து கோத்துக்கொள்ளும். கார் நிற்கும்போது, கிளச் முழுமையாக விடுபடாமல் தண்டு சுழன்றுகொண்டேயிருந்தால் கியர் விழாது, அல்லது பல்லைக் கடிக்கும். ஓடும்போது இரு பக்க வேகங்களையும் இசையச் செய்யும் சிங்ரோமெஷ் அமைப்பை 1928 இல் கடிலாக் நிறுவனம் முதன்முதலில் தனது கார்களில் கொண்டு வந்தது. அதற்கு முன்னர் சாரதியே காலாலும் காதாலும் அந்த வேலையைச் செய்தார். எனது தலைமுறையினர் இ.போ.ச. பஸ்ஸின் முன் ஆசனத்தில் அமர்ந்து, சாரதி ஒரு கியருக்கு இரண்டு தடவை கிளச் மிதிப்பதைப் பார்த்திருப்பார்கள். அவர் செய்தது அதைத்தான்.

பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு அந்த இசைவு அமைப்புக் கிடையாது. ஆகவே கிளச் சற்று விடுபடாமல் போனாலும் முதலில் புகார் சொல்வது ரிவர்ஸ்தான். அதனால்தான் இரண்டாவது கேள்வி.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் விழுந்து, ஓடும்போது ஒன்றும் விழாவிட்டால், சந்தேகம் கியர்பெட்டி மீதல்ல, கிளச் மீதே விழ வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போதும் விழாவிட்டால், கியர்த்தடியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பி, கேபிள், அவற்றின் முனைகளிலுள்ள புஷ் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தேய்ந்துபோன ஒரு சிறு பிளாஸ்டிக் புஷ், முழுப் பெட்டியும் பழுது என்ற தோற்றத்தைத் தந்துவிடும். நிற்கும் காரில் சில வேளை பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். காரை ஒரு சாண் தள்ளிவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கியர் மாத்திரம் குறை சொல்லி மற்றவை ஒழுங்காக விழுந்தால், அப்போதுதான் பெட்டிக்குள்ளே இருக்கும் இசைவு வளையம் பற்றிப் பேசலாம். காலைக் குளிரில் மட்டும் இறுக்கமென்றால், பெட்டிக்குள் ஊற்றப்பட்ட ஒயில் உரிய தரமானதா என்று கேட்க வேண்டும்.

இனிக் கிளச். சில கார்களில் கேபிள் இழுக்கும். அது நீண்டுபோயிருக்கலாம், இழை அறுந்திருக்கலாம். பல கார்களில் எண்ணெய் தள்ளும். மிதியடியோடு ஒரு மேல் சிலிண்டர், கியர்பெட்டிப் பக்கத்தில் ஒரு கீழ் சிலிண்டர். இடையிலுள்ள எண்ணெய் கசிந்தாலோ காற்றுப் புகுந்தாலோ, காலின் அழுத்தம் கிளச்சைச் சென்றடையாது. காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது என்பதே இதன் அடிப்படை. பலமுறை மிதித்தால் கியர் விழுவது இந்தக் குறைக்குரிய அடையாளம். அப்படியும் விழாமல், கீழ் சிலிண்டர் உரிய தூரம் தள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தால், குறை கிளச் தொகுதிக்கு உள்ளே இருக்கின்றது. அப்போது கியர்பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். நெடுநாள் ஓடாமல் நின்ற கார்களில் கிளச் தட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. 2022 இல் எரிபொருள் இன்றி முற்றத்தில் வாரக்கணக்கில் கார்களை நிறுத்தி வைத்திருந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இவற்றுள் எதற்கும் கணினி வேண்டியதில்லை. கண், காது, கால் போதும். எஞ்சினை இயக்கிச் சோதிக்கும்போது கை பிரேக்கை இழுத்துவிட்டு, காருக்கு முன்னும் பின்னும் எவரும் இல்லையென்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

எனது காருக்குத் திரும்புகின்றேன். பாஸ் கீழே படுத்து, கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கிக் காட்டினார். உள்ளே ஈரம். கையில் அதற்குரிய ரப்பர் இருக்கவில்லை. பையன் ஒருவனை மோட்டார் சைக்கிளில் அனுப்பி எடுப்பித்தார். சிலிண்டரின் உட்புறத்தை நீர்த்தாளால் தேய்த்து மினுக்கி, ரப்பர்களை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றினார். பின்னர் எயார் எடுக்க வேண்டும். நான் உள்ளே அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனது சிங்களம் பத்திரிகைச் சிங்களம். நாடாளுமன்றம் பற்றி வாதாட உதவும், காருக்கு அடியிலிருக்கும் மனிதரோடு பேச உதவாது. ஆனால் கிளச், கியர், சிலிண்டர், ரப்பர், எயார் என்ற சொற்கள் இருவருக்கும் பொது. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் உரையாடினோம்.

அவர் கேட்ட தொகை, கொழும்பில் சொல்லப்பட்டதில் நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை. நான் அதைப் போல் மூன்று மடங்கை நீட்டினேன். அவர் தனக்குரியதை மாத்திரம் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "இரண்டு ரப்பர் போட்டதற்கு எவ்வளவுதான் வாங்குவது?" என்று கேட்டார்.

நல்ல மனிதர். ஆனால் அவருடைய அந்தக் கேள்வியில்தான் நமது நாட்டின் வாகனத் திருத்தத் தொழிலின் அடிப்படைக் குறை இருக்கின்றது என்பது எனது எண்ணம்.

அவர் எனக்குச் செய்தது இரண்டு ரப்பர் போட்ட வேலையல்ல. ரப்பர் போட அவருடைய பையனுக்கும் தெரியும். கியர்பெட்டி மாற்ற வேண்டியதில்லை என்று கண்டறிந்ததே அவர் செய்த வேலை. ஆனால் அந்த வேலைக்கு நமது கராஜ்களின் பட்டியலில் ஒரு வரி கிடையாது. உதிரிப்பாகம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று இரண்டு பத்திகள். 'குறையைக் கண்டறிந்தமைக்கு' என்று மூன்றாவது பத்தி இல்லை. கண்டறிதல் இலவசம். இலவசமான ஒன்றை யார் நேரம் செலவிட்டுச் செய்வார்கள்?

விளைவைப் பாருங்கள். எனக்குப் பெட்டி மாற்றியிருந்தால் கொழும்புக் கராஜுக்குப் பெட்டியிலும் இலாபம், கூலியிலும் இலாபம். பெட்டியை மாற்றும்போது கிளச் எண்ணெயையும் மாற்றியிருப்பார்கள், எயார் எடுத்திருப்பார்கள். கியர் சில நாட்களுக்கேனும் விழுந்திருக்கும். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். சரியாகக் கண்டறிந்த வில்கமுவ பாஸுக்கோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. தவறாகச் சொன்னவருக்குப் பரிசு, சரியாகச் சொன்னவருக்குத் தண்டனை. இதைத் தனிமனிதரின் ஒழுக்கப் பிரச்சினை என்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இந்தக் கணக்கு முறையை வைத்திருப்பவர்கள் பணம் செலுத்தும் நாம்தான்.

கொழும்புக்குத் திரும்பிய பின் அந்தக் கராஜுக்குப் போனேன். சண்டை பிடிக்கவல்ல; தெரிந்துகொள்ளவே போனேன். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தீர்களா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். இல்லை என்று நேர்மையாகவே சொன்னார். முதலாளி குறுக்கிட்டுச் சொன்ன பதிலை இங்கே தர வேண்டும். அவருடைய பக்கமும் உண்டல்லவா? ஒரு காரை வைத்து ஒரு மணித்தியாலம் குறை தேடிவிட்டு, இரண்டாயிரம் ரூபா தாருங்கள் என்று கேட்டால், "ஒன்றும் செய்யாமல் பார்த்ததற்கா காசு?" என்று சனம் சண்டைக்கு வருகின்றதாம். "பார்க்கிறதுக்கு யார் சேர் காசு தாறாங்க? மாத்தினாத்தான் தாறாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் அப்படிக் காசு கொடுத்தவனல்ல.

இது சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாடு முழுவதும், இருந்த வாகனங்களை வைத்தே ஓடியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. அந்த ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேலே சென்றது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். தேவையின்றி மாற்றப்படும் ஒவ்வொரு கியர்பெட்டியும் வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கியதே. குறையைச் சரியாகக் கண்டறியும் மனிதர், நாட்டின் அந்நியச் செலாவணியைக் காப்பவர். ஆனால் எந்த வரவுசெலவுத் திட்ட உரையிலும் அவர் வருவதில்லை.

அவருடைய இடத்தைப் பிடிக்க யார் இருக்கின்றார்கள் என்பது அடுத்த கேள்வி. வில்கமுவ பாஸ் தொழில் கற்றது இ.போ.ச. டிப்போ ஒன்றில். 1958 இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. மறு ஆண்டே ஜேர்மனியின் உதவியோடு இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. அங்கு பயின்றவர்களும், அவர்களிடம் டிப்போக்களில் பயின்றவர்களுமாக ஒரு பரம்பரையே உருவானது. உதிரிப்பாகம் கிடைக்காத எழுபதுகளில் பஸ்களை ஓட வைத்தவர்கள் அவர்கள். மாற்றுவதற்குப் பாகம் இல்லாத காலம் என்பதால் கண்டறிதல் கூர்மையடைந்தது. இந்தப் பாஸின் மகன் கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கின்றார். "இந்தத் தொழிலுக்கு அவன் வர மாட்டான்" என்று பாஸ் சொன்னபோது அவருடைய குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு ரப்பருக்குரிய காசில் ஒரு குடும்பத்தை நடத்துமாறு எந்தத் தகப்பன்தான் மகனிடம் சொல்வான்?

புதிய கார்களில் கணினி இருக்கின்றது, அது குறையைச் சொல்லிவிடும் என்று சிலர் வாதிடலாம். அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, பொருத்தியவுடன் குறைக் குறியீட்டைக் காட்டும் இணைப்பு எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. இன்று நமது சிறு நகரங்களிலும் அந்தக் கருவி உண்டு. ஆனால் குறியீடு நோயின் குணத்தைச் சொல்லும். காரணத்தைப் பெரும்பாலும் மனிதரே தேட வேண்டும். ஓட்டோ கியர்க் கார்களில் கியர்த்தடி 'பி' யிலிருந்து அசையாது போனால் பலர் பெட்டியே போய்விட்டதென்று பயப்படுகின்றார்கள். பிரேக் மிதித்ததை உணரும் சிறு சுவிட்ச் பழுதானாலும் தடி பூட்டிக்கொள்ளும். பிரேக்கை மிதிக்கும்போது பின் விளக்கு எரிகின்றதா என்று ஒருவரைப் பார்க்கச் சொன்னால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் சிறிய 12 வோல்ட் பற்றரி பலவீனமானால் கார் தயார் நிலைக்கே வராது. வராவிட்டால் கியரும் விழாது. பெரிய பற்றரி போய்விட்டது என்று இலட்சங்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்னர், சிறியதை அளந்து பார்க்க வேண்டும். காலம் மாறியிருக்கின்றது, முதலில் மலிவானதைச் சந்தேகி, கழற்றாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார் என்ற விதி மாறவில்லை.

இன்னொரு தடையும் உண்டு. புதிய வாகனங்களின் உள்விபரங்களை உற்பத்தியாளர்கள் தமது முகவர் கராஜ்களுக்குள் பூட்டி வைக்க விரும்புகின்றார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2012 இல், அந்த விபரங்களைச் சுயாதீன கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப்பட்டது. பணக்கார நாட்டில் அந்த உரிமைக்காகப் போராடுகின்றார்கள். முகவர் கராஜ் எதுவும் எட்டிப் பார்க்காத ஹெட்டிப்பொல போன்ற ஊருக்கு அது எவ்வளவு தேவை!

என்ன செய்யலாம்? மூன்று விடயங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, கண்டறிவதற்குப் பணம் கொடுக்கப் பழக வேண்டும். மருத்துவரிடம் போய், மருந்து தராவிட்டால் கட்டணம் தர மாட்டேன் என்று நாம் சொல்வதில்லை. ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுக்கின்றோம். கராஜ்களும் பட்டியலில் அந்த மூன்றாவது பத்தியைத் துணிந்து எழுத வேண்டும்.

இரண்டாவது, பெரிய பாகம் ஒன்றை மாற்ற வேண்டும் என்று எவர் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். என்னென்ன சோதித்தீர்கள், எதை விலக்கினீர்கள் என்று கேட்பது அவமதிப்பல்ல. நல்ல தொழிலாளி அந்தக் கேள்வியை விரும்புவார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குவதும் நம்முடைய உரிமை.

மூன்றாவது, அரசுக்குரியது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை போன்ற நிறுவனங்கள், பாடசாலைச் சான்றிதழ் இல்லாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களை மதிப்பிட்டுத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையை வைத்திருக்கின்றன. நல்ல முறை. ஆனால் சான்றிதழ் பெற வேண்டியவர்களாக மாத்திரம் இந்தப் பாஸ்மாரைப் பார்ப்பது போதாது. கற்பிப்பவர்களாக அவர்களை அழைக்க வேண்டும். பழுதான கார் ஒன்றை நிறுத்தி, அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லி, மாணவர்களை அருகில் நிற்க வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் கிளச்சின் படம் இருக்கும். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பது அந்தப் படத்தில் இருக்காது.

பத்திரிகைத் தொழிலில் எங்களுக்கும் இதே நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யார், எங்கே, எப்போது என்பவற்றை எழுதிவிட்டு, 'ஏன்' என்பதற்கு வரும்போது பக்கம் மூடும் நேரமாகிவிடும். காலமான எனது நண்பர் இந்த விடயத்தில் பிடிவாதக்காரர். 'ஏன்' இல்லாத செய்தியைத் திருப்பி அனுப்பிவிடுவார், பக்கம் தாமதமாகும், முகாமையாளர் கத்துவார். அவருக்கும் அந்தப் பிடிவாதத்துக்காக யாரும் சம்பளம் கூட்டிக் கொடுக்கவில்லை. அவருடைய ஊரில் அவருடைய தானத்துக்குப் போன நாளில் இந்தப் பாஸைச் சந்தித்தது தற்செயல்தான். ஆயினும் அந்த நினைவோடுதான் அன்று திரும்பினேன்.

ஐந்து மணிக்கு முன்னரே புறப்பட்டுவிட்டேன். யானை எதுவும் குறுக்கிடவில்லை. ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கும் முதலாம் கியருக்குமாக எத்தனை தடவை மாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் சத்தமின்றி விழுந்தது. அதன் பின்னர் கொழும்பில் வேறொரு குறைக்காக அதே கராஜுக்குப் போனபோது, முதலில் பார்த்துச் சொல்லுங்கள், பார்த்ததற்குரிய கட்டணத்தைத் தனியாக எழுதுங்கள் என்று சொன்னேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எழுதினார். அந்த இளைஞர் அன்று முக்கால் மணித்தியாலம் தேடி, ஒரு தளர்ந்த வயரைக் கண்டுபிடித்தார். எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. கேட்ட பணத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசகர்களும் அடுத்த தடவை அப்படிச் செய்து பார்க்கலாம்.